அழைப்பு எவர்க்கு உரியது? கால்வினியர், ஆர்மினியர் வாதமும் நற்செய்தி கூறும் முறையும்

ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தில் க்ருபையின் தன்மை பற்றித் தென்கலையார்க்கும் வடகலையார்க்கும் உள்ள கருத்து வேற்றுமையை மார்ஜார ந்யாயம், மர்க்கட ந்யாயம் என்னும் இரு த்ருஷ்டாந்தங்களால் விளக்குதல் வழக்கம். தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விச் செல்லும். குரங்குக் குட்டியோ தாயைத் தான் பற்றிக்கொள்ளும். மேனாட்டுச் சமய ஒப்பாய்வு நூல்களைப் பயின்றோர் சிலர் கிறிஸ்தவ சமயத்தின் கால்வினியர், ஆர்மினியர் என்னும் இரு சாராரையும் இதனோடு இணைத்து, முன்னவர் பூனையின் கட்சியினர், பின்னவர் குரங்கின் கட்சியினர் என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றனர். அவ்வொப்புமை ஓரளவே பொருந்தும். அவ்விரு சாராரும் நெடுங்காலம் வாதிட்டவற்றுள் க்ருபையின் ஸ்வரூபம் ஒரு பகுதி. ரக்ஷிக்கப்படுவோர் இன்னார் என்று ஈச்வரன் அநாதியிலேயே நிச்சயித்திருப்பின், எதிரே நிற்கும் எல்லாரையும் நோக்கி ‘வருக’ என்று அழைக்க உபதேசிப்பவனுக்கு அதிகாரம் உண்டா என்பது மற்றொரு பகுதி. இரண்டாவதாகிய இதன் வரலாறு தமிழில் அதிகம் பேசப்படாதது. உபதேச மரபுடைய எந்த ஸம்ப்ரதாயத்திற்கும் அது பயன் தருவது.

ஹாலந்து நாட்டில் எழுந்த வாதம்

ஜெனீவாவில் சபையை நடத்திய ஜான் கால்வின் (1509–1564) தமது பெருநூலாகிய ‘கிறிஸ்தவ சமய நியமங்கள்’ என்பதை 1536-இல் சிறு அளவில் வெளியிட்டு, பலமுறை விரித்து, 1559-இல் இறுதி வடிவம் தந்தார். சிலரை வாழ்விற்கும் சிலரை அழிவிற்கும் ஈச்வரன் தன் ஸங்கல்பத்தால் முன்குறித்துள்ளான் என்பது அதன் ஸித்தாந்தங்களுள் ஒன்று. எனினும், முன்குறிக்கப்பட்டோர் இன்னார் என்பது மனிதர் அறியாதது. ஆதலால் எல்லாரும் உய்ய வேண்டும் என்றே உபதேசிப்பவன் விரும்ப வேண்டும் என்று அகஸ்டினைப் பின்பற்றி அவரே கூறியிருக்கிறார். இந்தப் பின்பகுதியைப் பிற்காலத்தார் சிலர் மறந்ததே இவ்வரலாற்றின் பெரும்பகுதி.

ஆர்மினியஸ் ஹாலந்து நாட்டினர். ஜெனீவாவில் கால்வினின் வழித்தோன்றலாகிய பெசாவிடம் பயின்று, 1588 முதல் ஆம்ஸ்டர்டாமில் போதகராக இருந்து, 1603-இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அங்கே உடன் ஆசிரியராக இருந்த கோமாருஸ் என்பார் அவரைக் கடுமையாக எதிர்த்தார். காரணமின்றி ஒருவனைக் கொண்டு மற்றொருவனைத் தள்ளுவதாகச் சொன்னால் ஈச்வரனுக்கு அநீதி சேரும். பாபத்திற்கும் அவனே காரணமாகிவிடுவான் என்பது ஆர்மினியஸின் கவலை. ப்ரஹ்மஸூத்ர பாஷ்யங்களில் வைஷம்யம், நைர்க்ருண்யம் என்னும் தோஷங்களை ஈச்வரனிடத்தினின்று விலக்குமிடத்தைக் கற்றோர்க்கு அவருடைய கவலை புதியதன்று.

ஆர்மினியஸ் 1609-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு அவருடைய கருத்தைத் தழுவிய போதகர்கள் ஐந்து கூற்றுகள் கொண்ட விண்ணப்பம் ஒன்றை ஹாலந்து அரசு அவையிடம் அளித்தனர். விசுவாசிப்பவரையே ஈச்வரன் தெரிந்துகொள்கிறான். கிறிஸ்துவின் மரணம் எல்லார் பொருட்டும் நிகழ்ந்தது, அதன் பயனை விசுவாசிப்பவரே பெறுவர். க்ருபையின்றி மனிதன் தன் வலிமையால் நன்மை எதுவும் செய்யான். ஆயினும் அக்க்ருபையை அவன் மறுத்துத் தள்ள இயலும். விசுவாசித்தவன் இறுதிவரை வழுவாது நிற்பானா என்பது மேலும் ஆராயத்தக்கது. இவையே அவ்வைந்து. மூன்றாம் கூற்றை நோக்குக. மனிதன் தன் முயற்சியால் உய்வான் என்று ஆர்மினியர் சொல்லவில்லை. முற்பட்டு வரும் க்ருபையே மனிதனை எழுப்புகிறது என்பதில் இரு சாராரும் ஒன்றினர். அதனை ஏற்கவும் மறுக்கவும் இடமுண்டா என்பதிலேயே பிரிந்தனர். குரங்குக் குட்டியின் பிடி என்னும் உவமை இங்கேயே தளர்ந்துவிடுகிறது.

டோர்ட்ரெக்ட் மஹாசபை

ஸ்பெயினோடு போர் ஓய்ந்திருந்த காலம் அது. சமய வாதம் அரசியலோடு கலந்தது. 1618 நவம்பர் 13-ஆம் நாள் டோர்ட்ரெக்ட் நகரில் ஒரு மஹாசபை கூடியது. இங்கிலாந்து, ஜெர்மானிய நாடுகள், ஸ்விட்சர்லாந்து முதலிய இடங்களினின்றும் பிரதிநிதிகள் வந்தனர். எபிஸ்கோபியஸ் தலைமையில் வந்த ஆர்மினியர், வாதிகளாக அன்றிக் குற்றம் சாட்டப்பட்டவர்களாகவே நடத்தப்பட்டு, 1619 ஜனவரியில் சபையினின்றும் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு ஆதரவாக நின்ற முதிய அரசியலாளர் ஓல்டன்பார்னவெல்ட் அவ்வாண்டு மே 13-இல் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஏறத்தாழ 200 போதகர்கள் பதவி இழந்தனர். க்ருபையைப் பற்றிய வாதம் க்ருபையின்றி முடிந்தது.

ஆயினும் அம்மஹாசபையின் தீர்மானங்களைப் படிப்போர் ஒரு செய்தியைக் காண்பர். தெரிந்துகொள்ளுதல் நிபந்தனையற்றது என்றும், கிறிஸ்துவின் மரணம் தெரிந்துகொள்ளப்பட்டவரிடத்திலேயே பயன் நிறைவேற்றும் என்றும் வரையறுத்த அதே சபை, நற்செய்தியின் வாக்குறுதி எல்லா ஜாதியார்க்கும் எல்லா மனிதர்க்கும் வேறுபாடின்றி அறிவிக்கப்பட வேண்டும் என்று இரண்டாம் பகுதியில் விதித்தது. நற்செய்தியால் அழைக்கப்படுவோர் அனைவரும் மெய்யாகவே அழைக்கப்படுகின்றனர் என்று மற்றோரிடத்தில் உரைத்தது. கால்வினியக் கொள்கையை ஐந்து முதலெழுத்துகளால் ஒரு பூவின் பெயராகக் கோத்து ஆங்கிலத்தில் சொல்லும் சுருக்கம் மிகப் பிற்காலத்தது. அச்சுருக்கத்தில் இவ்விரு விதிகளுக்கும் இடமில்லை. ஸூத்ரத்தைச் சுருக்கிச் சொல்லும்போது விதி உதிர்ந்து ஸித்தாந்தம் மட்டும் எஞ்சுவது எல்லா மரபுகளிலும் நேரக்கூடியதே.

‘வழங்கலாகாது’ என்ற கொள்கை

இங்கிலாந்தில் இச்சுருக்கம் பெருந்தீங்கு செய்தது. 1707-இல் ஜோசப் ஹஸ்ஸி என்னும் போதகர், க்ருபை ஈச்வரனின் செயல். அதனை மனிதர் மனிதர்க்கு ‘வழங்குவதாகச்’ சொல்லலாகாது என்று நூலின் தலைப்பிலேயே அறிவித்தார். தர்க்கம் எளிது. விசுவாசிக்கும் ஆற்றல் தெரிந்துகொள்ளப்பட்டவர்க்கே அருளப்படும்; ஆற்றல் இல்லாதவனுக்குக் கடமை இல்லை; கடமை இல்லாதவனை விசுவாசிக்கச் சொல்லுதல் பொருளற்றது. எனவே தாகமும் பாப உணர்வும் உள்ளத்தில் எழுந்தவர்க்கே ‘வருக’ என்னும் சொல் உரியது. மற்றவர்க்கு அதனைக் கூறுதல் தகாது. கால்வினிய பாப்டிஸ்டு சபைகளில் இக்கருத்து வேரூன்றியது. வேதாகமம் முழுவதற்கும் வசனந்தோறும் உரை வகுத்த பெரும்புலவர் ஜான் கில் (1697–1771) க்ருபையை ‘வழங்குதல்’ என்னும் சொல்லை மறுத்தவர்களுள் ஒருவர்.

இதே காலத்தில் வேறொரு களத்திலும் வாதம் மூண்டது. ஜார்ஜ் விட்ஃபீல்ட் 1739-இல் பிரிஸ்டலை அடுத்த கிங்ஸ்வுட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே திறந்த வெளியில் நின்று உபதேசிக்கத் தொடங்கினார். அவரைப் பார்த்து ஜான் வெஸ்லியும் அவ்வாறே செய்தார். அவ்வாண்டிலேயே வெஸ்லி முன்குறிப்புக் கொள்கையை எதிர்த்து ஒரு பிரசங்கத்தை அச்சிட்டார். அக்கொள்கை மெய்யாயின் உபதேசமே வீண். தெரிந்துகொள்ளப்பட்டவன் உபதேசமின்றியும் உய்வான், தள்ளப்பட்டவன் உபதேசத்தாலும் உய்யான் என்பது அதன் முதல் வாதம். கால்வினியராகிய விட்ஃபீல்ட் 1740 டிசம்பர் 24 என்று நாளிட்ட கடிதத்தில் விடையளித்தார். பயனை விதித்தவனே அப்பயனுக்கு வழியாக உபதேசத்தையும் விதித்தான். எவர் தெரிந்துகொள்ளப்பட்டவர் என்பது தெரியாததனாலேயே எல்லார்க்கும் உபதேசிக்க வேண்டும் என்பது அவர் விடை. 1770-இல் விட்ஃபீல்ட் அமெரிக்காவில் மறைந்தபோது லண்டனில் அவருக்கு இரங்கல் உரை நிகழ்த்தியவர் வெஸ்லியே.

இங்கு வெஸ்லியும் ஹஸ்ஸியும் ஒரே அநுமானத்தின் இரு முனைகளில் நிற்பதைக் காணலாம். முன்குறிப்பு உண்டெனில் பொது அழைப்பு இல்லை என்பதை இருவரும் ஒப்புக்கொண்டனர். ஒருவர் பொது அழைப்பைக் காக்க முன்குறிப்பை விட்டார். மற்றவர் முன்குறிப்பைக் காக்கப் பொது அழைப்பை விட்டார். அவ்வ்யாப்தியே பிழை என்பதை விட்ஃபீல்ட் தம் செயலால் காட்டினார். அதனை நூல்வழி நிறுவியவர் வேறொருவர்.

சோஹம் சபையும் ஆண்ட்ரூ ஃபுல்லரும்

ஆண்ட்ரூ ஃபுல்லர் 1754-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் விக்கன் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடியில் பிறந்தவர். பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர். அவர் குடும்பம் சென்றுவந்த சோஹம் சபையின் போதகர் ஜான் ஈவ், மனமாற்றம் பெறாதவரை நோக்கி ஏதும் உரைப்பதில்லை. சிறுவனாகிய ஃபுல்லர் பாப உணர்வால் வருந்திய நாட்களில், தான் கிறிஸ்துவிடம் செல்லத் தனக்கு உரிமை உண்டா என்பதே அவருடைய பெருந்துன்பமாக இருந்தது. உரிமைக்கு அடையாளம் தன்னுள் தேடினார், கிடைக்கவில்லை. அழைப்பின்றி அரசன் முன் சென்றால் மரணம் என்னும் சட்டம் இருந்தும் துணிந்து சென்ற எஸ்தர் அரசியின் கதை நினைவிற்கு வந்தது. அழிந்தாலும் அழிக என்று அவளைப் போல் தாமும் அடைக்கலம் புகுந்ததாகப் பின்னாளில் எழுதினார். கதவு திறந்தே இருந்தது என்பதை எவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. 1770-இல் ஞானஸ்நானம் பெற்றார்.

அவ்வாண்டிலேயே சபையில் ஒரு வழக்கு எழுந்தது. உறுப்பினர் ஒருவர் மிதமிஞ்சிக் குடித்தார். அதனை அறிந்து நேரில் சென்று கடிந்துரைத்தவர்களுள் 16 வயதினராகிய ஃபுல்லரும் ஒருவர். அம்மனிதர், தம்மைக் காத்துக்கொள்ளும் ஆற்றல் தமக்கு இல்லை என்று விடை கூறினார். சபையின் ஸித்தாந்தத்தையே அவர் தமக்குக் கேடயமாக்கிக்கொண்டார். உள்ளத்து நன்மைக்கு மனிதனுக்கு ஆற்றல் இல்லை, வெளிச்செயலை அடக்க ஆற்றல் உண்டு என்று போதகர் ஈவ் விளக்கினார். சபையில் பலர் அதனையும் ஏற்கவில்லை. வாதம் முற்றி, 1771-இல் ஈவ் பதவியை விட்டு நீங்கினார். ஆற்றலின்மை என்னும் சொல் எவ்விடத்தில் மன்னிப்பைத் தரும், எவ்விடத்தில் தராது என்னும் வினா ஃபுல்லரின் உள்ளத்தில் அன்று ஊன்றியது.

1775-இல் அதே சபைக்குப் போதகராகி, 1782-இல் கெட்டரிங் நகர்க்குச் சென்ற ஃபுல்லர், 1785-இல் ‘எல்லாரும் ஏற்கத்தக்க நற்செய்தி’ என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். அமெரிக்கரான ஜோனதன் எட்வர்ட்ஸ் 1754-இல் வெளியிட்ட ‘சித்த சுதந்திரம்’ பற்றிய நூலில் செய்த பாகுபாடு அதற்குத் துணை நின்றது. ஆற்றலின்மை இருவகை. கண் இல்லாதவன் நூலைப் படிக்க இயலாமை ஒன்று. கண் இருந்தும் வெறுப்பினால் படிக்க மனமின்மை மற்றொன்று. முன்னது கடமையை நீக்கும், பின்னது நீக்காது. மனிதன் விசுவாசிக்க இயலாதிருப்பது இரண்டாம் வகையால். ஆகவே விசுவாசிப்பது எல்லார்க்கும் கடமை. கடமையாயின், எல்லாரையும் அழைப்பதும் உபதேசிப்பவனுக்குக் கடமை. அவ்வெறுப்பை நீக்கி மனத்தைத் திருப்புவது மட்டும் ஈச்வர க்ருபையின் செயல்.

இதனினும் நுட்பமானது உரிமை பற்றிய அவருடைய விளக்கம். ஒருவன் அணுகுவதற்கான உரிமை அவன் உள்ளத்து நிலையில் இல்லை. அழைப்பவனின் சொல்லில் உள்ளது. தாகம் உடையவனே பருகுவான் என்பது உண்மை. ஆனால் தாகத்தை அளந்து சான்று பெற்ற பின்னரே நீரருகே வரலாம் என்பது விபரீதம். தாம் இளமையில் பட்ட துன்பத்தின் மூலத்தை இவ்வாறு ஃபுல்லர் கண்டறிந்தார். இந்நூலைத் தீவிரக் கால்வினியரும் எதிர்த்தனர். ஆர்மினிய பாப்டிஸ்டு டேன் டெய்லரும் எதிர்த்தார். ஃபுல்லர் இருவர்க்கும் விடையளித்தார். முன்குறிப்பை அவர் இறுதிவரை விடவில்லை. அவர் செய்தது கட்சி மாற்றம் அன்று, தம் மரபின் மூல வாக்கியங்களை மீண்டும் படித்து, உதிர்ந்துபோன விதியை எடுத்து உரிய இடத்தில் வைத்தார்.

சாதனங்கள் என்னும் சொல்

நார்த்தாம்ப்டன்ஷயர் பகுதிச் சபைகள் 1784-இல் மாதந்தோறும் முதல் திங்கட்கிழமை மாலை உலகெங்கும் நற்செய்தி பரவப் பிரார்த்திப்பது என்று தீர்மானித்தன. அவ்வட்டத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த இளம் போதகர் வில்லியம் கேரியும் ஒருவர். பிற நாட்டார்க்கு நற்செய்தி கூறும் கடமையைப் பற்றி அவர் ஒரு கூட்டத்தில் கேட்டபோது, முதியவர் ரைலண்ட், ஈச்வரன் நினைக்கும்போது மனிதர் உதவியின்றித் தானே அதனைச் செய்துகொள்வான் என்று சொல்லி அமர்த்தியதாக ஒரு செய்தி வழங்குகிறது. அவருடைய மகன் அதனை மறுத்திருக்கிறார். அச்செய்தி நடந்ததாயினும் அன்றாயினும், அக்காலச் சபைகளின் மனநிலைக்குப் பொருந்தியதனாலேயே அது பரவியது.

1792-இல் கேரி ஒரு சிறு நூலை வெளியிட்டார். பிற நாட்டார் மனமாற்றத்திற்குச் ‘சாதனங்களைப் பயன்படுத்தும் கடமை’ என்பது அதன் தலைப்பில் உள்ள பொருள். சாதனம், கடமை என்னும் இரு சொற்களும் ஃபுல்லரின் வாதத்தினின்று பிறந்தவை. அந்நூலில் உலக நாடுகளின் பரப்பு, மக்கள்தொகை, சமயம் ஆகியவற்றைப் பட்டியலாகத் தொகுத்திருந்தார். அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள் கெட்டரிங்கில் ஒரு கைம்பெண்ணின் இல்லத்தில் சிலர் கூடி ஒரு சங்கம் நிறுவினர். அன்று வாக்களிக்கப்பட்ட தொகை 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ். ஃபுல்லர் அதன் செயலராகி, 1815-இல் இறக்கும்வரை அப்பணியில் இருந்தார். கேரி 1793-இல் வங்காளம் வந்து, 1800-இல் டேனிஷ் ஆட்சியிலிருந்த ஸ்ரீராம்பூரில் தங்கினார். வந்து ஏழாண்டுகள் கழிந்த பின், 1800 டிசம்பரில் க்ருஷ்ண பால் என்னும் தச்சர் ஞானஸ்நானம் பெற்றார். பயன் தம் கையில் இல்லை என்னும் கொள்கை கேரியைச் சோம்பலாக்கவில்லை. பயன் காணாத ஆண்டுகளில் அவரை நிலைநிறுத்தியதும் அதுவே.

ஒப்புமையின் எல்லை

இவ்வரலாற்றை ஸ்ரீவைஷ்ணவ க்ரந்தங்களோடு வைத்து நோக்குங்கால் மூன்று செய்திகள் தெளிவாகும்.

முதலாவது: சிலரை நித்யமாகத் தள்ளிவிடும் ஸங்கல்பம் என்பது இரு கலையார்க்கும் ஸம்மதமன்று. ஸர்வ ஆத்மாக்களும் எம்பெருமானுக்குச் சேஷபூதர் என்பதும், அந்த ஸம்பந்தம் ஒழிக்க ஒழியாதது என்பதும் இருவர்க்கும் பொது. நித்யஸம்ஸாரிகள், தமோயோக்யர் என்னும் பாகுபாடு மத்வ ஸித்தாந்தத்தில் உண்டு. அதுவும் ஜீவ ஸ்வபாவத்தை ஆதாரமாகக் கொண்டதேயன்றிக் கால்வின் கூறிய ஸங்கல்பத்தை அன்று. ஆகவே தென்கலையைக் கால்வினியத்தோடு ஒன்றாக்குதல் தவறு.

இரண்டாவது: ஸ்வாமி தேசிகன் கூறும் வ்யாஜம், எம்பெருமானுக்கு வைஷம்ய தோஷம் வாராமைப் பொருட்டு வேண்டப்படுவது; ஸித்தோபாயம் அவனே என்பதில் தேசிகனுக்கும் பிள்ளை லோகாசார்யர்க்கும் பேதமில்லை. ஆர்மினியஸின் நோக்கமும் அத்தோஷத்தை விலக்குவதே என்ற அளவில் ஒற்றுமை உண்டு. அதற்கு மேல் நீட்டினால் இருவர்க்கும் அநீதியாகும்.

மூன்றாவது: ஒப்புமை உண்மையில் பொருந்துமிடம் அழைப்பே. ப்ரபத்திக்குத் தேச, கால, ப்ரகார, அதிகாரி, பல நியமங்கள் இல்லை; விஷய நியமம் ஒன்றே உண்டு என்பது ஸ்ரீவசனபூஷணம் தெளிவுபடுத்தும் அர்த்தம். ஒருவர்க்கு ஒருவராய் ரஹஸ்யமாக உபதேசிக்கப்பட்டு வந்த அர்த்தத்தை எம்பெருமானார் விருப்பமுடையார் அனைவர்க்கும் ஆக்கியருளினார் என்பதை மணவாள மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் அருளியுள்ளார். விருப்பமுடையார் என்னும் சொல்லை ஹஸ்ஸியின் வழியினர் கண்டால், அதனைத் தம் கட்சிக்குச் சான்றாகக் கொள்வர்: விருப்பத்தைச் சோதித்து அறிந்த பின்னரே உபதேசம் என்பர். பூர்வாசார்யர்களின் நிர்வாஹம் அவ்வாறன்று. விருப்பம் கைம்முதலாகக் கேட்கப்படுவதில்லை. பெறுபவன் பெறும்போது உள்ள நிலை அது. அவ்விருப்பமும் அவனுடைய க்ருஷிபலமே.

விபீஷண சரணாகதியில் நிகழ்ந்த விசாரமும் இதுவே. வந்தவனை ஏற்கலாகாது என்றார் ஸுக்ரீவ மஹாராஜர். பெருமாளோ வந்தவன் ராவணனே ஆயினும் அழைத்து வரலாம் என்றருளினார். உரிமை வந்தவனின் தகுதியில் இல்லை, அபயம் தருபவனின் வ்ரதத்தில் உள்ளது. தேசிகன் அபயப்ரதானஸாரத்தில் விரிப்பது இப்ரகரணத்தையே. கேரியும் அவருடைய துணைவர் மார்ஷ்மனும் 1806 முதல் ஸ்ரீராம்பூரில் வால்மீகி ராமாயணத்தை ஸம்ஸ்க்ருத மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் அச்சிட்டனர். மூன்று தொகுதிகளில் அப்பதிப்பு அயோத்யா காண்டத்தோடு நின்றுவிட்டது. ஃபுல்லர் தம் நூலில் வாதிட்டு நிறுவிய அர்த்தம் இதிஹாஸ வடிவில் நிற்கும் யுத்த காண்டத்தை அது எட்டவில்லை.

ஈச்வரனின் ஸங்கல்பம் அவனுக்கே உரியது; சாஸ்த்ரத்தின் விதி உபதேசிப்பவனுக்கு உரியது. முன்னதை ஊகித்துப் பின்னதைச் சுருக்கியவர்கள் சோஹம் சபையில் ஒரு சிறுவனைக் கதவிற்கு வெளியே நிறுத்தினர். ஜெனீவாவிலும் டோர்ட்ரெக்டிலும் எழுதப்பட்ட விதி அவர்கள் நூலகத்திலேயே இருந்தது. அதனை அவர்கள் படித்திருந்தால் அச்சிறுவன் அஞ்சியிருக்க வேண்டியதில்லை.